வெள்ளை எல்இடி விளக்குக்குப் புதிய ஒளிர்பொருள் உருவாக்குதல்: உலைக்கு முன்பிருந்து சோதனை விளக்கு வரை

சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இறுதியாண்டுத் திட்டமாகவோ ஆய்வுப் பயிற்சியாகவோ ஒளிர்பொருள் வேலையை முதன்முறையாக எடுக்கும் மாணவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஆய்வகத்தில் ‘பாஸ்பர்’ என்று அழைக்கப்படும் இந்தத் தூள், நீல எல்இடி சில்லின் ஒளியில் ஒரு பகுதியை உட்கொண்டு மஞ்சளாகவோ பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பித் தருகிறது. உட்கொள்ளப்படாத நீலமும் திரும்பி வரும் நிறமும் கலக்கும்போது கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது வேலையின் வரிசையில்தான். முதல் வாரமே உலையை மூட்டுகிறார்கள். தூள் புறஊதா விளக்கின் கீழ் பளிச்சென்று ஒளிர்வதைக் கண்டு மகிழ்கிறார்கள். மூன்று மாதம், தூளில் சேர்க்கும் ஒளிர் அயனியின் செறிவைச் செம்மைப்படுத்துகிறார்கள். கடைசியில்தான், விளக்கினுள் தூள் எட்டக்கூடிய 150 பாகை செல்சியஸில் அது பாதி ஒளியை இழந்துவிடுகிறது என்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த மூன்று மாதத்தைக் காப்பாற்றுவதற்காகவே கீழேயுள்ள படிகளை இந்த வரிசையில் வைத்திருக்கிறேன்.

1. எந்தக் குறையை நிரப்பப் போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

இன்றைய வெள்ளை எல்இடியின் அடிப்படைச் சேர்க்கை, ஏறத்தாழ 450 நானோமீட்டரில் ஒளிரும் நீலச் சில்லும், சீரியம் சேர்த்த இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்னும் மஞ்சள் தூளும் ஆகும். ஆய்வகத்தில் இதை ‘யாக்’ என்பார்கள். இதன் உமிழ்வு 550 நானோமீட்டரை ஒட்டி அகலமாகப் பரந்திருக்கும். திறன் மிக உயர்வு. வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். இதன் குறை சிவப்பில் இருக்கிறது. சிராங்கூன் சாலைப் புடவைக் கடையில் அரக்குச் சிவப்புப் பட்டை விளக்கொளியில் பார்த்துவிட்டு, வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் மறுபடியும் பார்க்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. மலிவான எல்இடியின் கீழ் அந்தச் சிவப்பு மங்கிப் பழுப்பாகத் தெரிவதே காரணம்.

நிறத்துல்லியக் குறியீடான சிஆர்ஐ, எட்டு மென்னிற மாதிரிகளின் சராசரி மட்டுமே. ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கு ஆர்9 என்னும் தனி எண் உண்டு. ஆகவே ‘சிஆர்ஐ 80’ என்று அச்சிட்ட விளக்கின் ஆர்9 மிகத் தாழ்வாக இருக்கக்கூடும். உங்கள் இலக்கு சிவப்பு என்றால் ஆர்9 எண்ணையும் சேர்த்தே இலக்காக எழுதுங்கள்.

சிவப்பை எவ்வளவு தொலைவுக்குத் தள்ளுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டரில் 1 என்றால், 620 நானோமீட்டரில் 0.38 ஆகவும், 650 நானோமீட்டரில் வெறும் 0.11 ஆகவும் சரிகிறது. 650 நானோமீட்டருக்கு அப்பால் உமிழப்படும் ஒளிக்கு நீங்கள் மின்சாரம் செலவழிக்கிறீர்கள். கண் அதை ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. சிவப்புப் பொருளுக்கு 620 முதல் 630 நானோமீட்டர் வரையிலான உச்சமும் குறுகிய பட்டை அகலமும் நல்ல இலக்கு என்பது என் கருத்து.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஐந்து எண்கள் இருக்க வேண்டும்: கிளர்வு அலைநீளம் (தூளை ஒளிரச் செய்ய அதன்மேல் விழும் ஒளியின் அலைநீளம்), உமிழ்வு உச்சம், பாதி உயரத்தில் பட்டையின் அகலம், 150 பாகையில் எஞ்ச வேண்டிய ஒளியின் விழுக்காடு, 450 நானோமீட்டர் ஒளியில் உட்கொள்ளப்பட வேண்டிய விழுக்காடு. இவை இல்லாமல் தொடங்குபவர்கள், கிடைத்த நிறத்தையே இலக்கு என்று பின்னால் மாற்றி எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2. உங்கள் ஆய்வகம் எதைத் தாங்கும் என்று பார்த்துக் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒளிர்பொருளில் இரண்டு பங்குகள் உண்டு: இடம் கொடுக்கும் தாய்ப் படிகம், அதில் சிறிதளவு குடியேறும் ஒளிர் அயனி. எந்தக் குடும்பத்தில் வேலை செய்யலாம் என்பதை உங்கள் விருப்பத்துக்கு முன் உங்கள் உலை தீர்மானிக்கிறது.

ஆக்சைடுகளுக்குக் குழாய் உலையும் 5 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனும் போதும். சிவப்பு நைட்ரைடுகளுக்கு அது போதாது. யூரோப்பியம் சேர்த்த கால்சியம் அலுமினியம் சிலிக்கான் நைட்ரைடு 650 நானோமீட்டரை ஒட்டி ஒளிர்கிறது. ஸ்ட்ரான்சியத்தைக் கலந்தால் உச்சம் 620 நானோமீட்டர் பக்கமாக நகர்கிறது. ஆனால் அதன் மூலப்பொருளான கால்சியம் நைட்ரைடு, காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அம்மோனியாவாக வாடை வீசிச் சிதையும். எனவே ஈரமும் ஆக்சிஜனும் நீக்கிய கையுறைப் பெட்டி, போரான் நைட்ரைடு மூசை (உலைக்குள் தூளை வைக்கும் கலம்), 1600 பாகைக்கு மேல் செல்லும் அழுத்த நைட்ரஜன் உலை ஆகிய மூன்றும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

மாங்கனீசு 4+ சேர்த்த பொட்டாசியம் சிலிக்கான் புளோரைடு 631 நானோமீட்டரை ஒட்டிக் கூர்மையான கோடுகளைத் தருகிறது. நிறத்தைப் பொறுத்தவரை அது மிகச் சிறந்தது. ஆனால் அதன் வழக்கமான தயாரிப்பு ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் நடக்கிறது. அந்த அமிலம் தோல் வழியாக உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிணைக்கும். வலி தாமதமாகவே தெரியலாம். தனிப் பயிற்சி, தகுந்த புகைக்கூண்டு, கைக்கெட்டும் தொலைவில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, கூடவே அனுபவமுள்ள ஒருவர் ஆகியவை இல்லாத இடத்தில் இந்தத் திட்டத்தை ஏற்காதீர்கள். உங்கள் மேற்பார்வையாளர் வற்புறுத்தினாலும் மறுக்கலாம்.

முதல் திட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது கார்னெட் குடும்பம். அதில் புதிய கலவைகளுக்கு இன்னும் இடம் இருக்கிறது. மாற்றங்களின் திசையும் ஓரளவு முன்கூட்டியே தெரியும். இட்ரியத்துக்குப் பதிலாகக் கடோலினியம் சேர்த்தால் உமிழ்வு சிவப்புப் பக்கமும், லுட்டீசியம் சேர்த்தால் பச்சைப் பக்கமும் நகரும். அலுமினியத்தின் இடத்தில் காலியம் வந்தாலும் பச்சைப் பக்கமே நகரும். இரண்டு அலுமினியத்தை ஒரு மக்னீசியம், ஒரு சிலிக்கான் என்ற இணையால் மாற்றினால் சிவப்புப் பக்கம் நகரும். இவற்றில் பலவற்றுக்கு வெப்பத்தாங்கு திறனில் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விலை எவ்வளவு, அதை வேறொரு மாற்றத்தால் ஈடுகட்ட முடியுமா என்பதே நல்ல ஆய்வுக் கேள்வி.

குடும்பத்தைத் தேர்ந்தபின், ஒளிர் அயனிக்கு ஏற்ற அளவில் அந்தப் படிகத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டு அண்டை அயனிகளுள்ள இடத்தில் யூரோப்பியம் 2+ இன் ஆரம் 125 பிகோமீட்டர், ஸ்ட்ரான்சியத்தின் ஆரம் 126. ஆகவே ஸ்ட்ரான்சியம் சேர்மங்களில் அது எளிதாகக் குடியேறுகிறது. சீரியம் 3+ இன் ஆரம் 114, இட்ரியத்தின் ஆரம் 102. இந்த வேறுபாட்டால்தான் யாக்கில் சீரியத்தைச் சில விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற முடிவதில்லை. மின்னேற்றமும் பொருந்த வேண்டும். சீரியம் 3+ ஐ ஸ்ட்ரான்சியம் 2+ இடத்தில் வைத்தால், எஞ்சும் ஒரு நேர்மின்னேற்றத்தை ஈடுகட்ட லித்தியமோ சோடியமோ சேர்க்க வேண்டும். இல்லையென்றால் படிகம் தானாகவே குறைகளை உருவாக்கி ஈடுகட்டிக்கொள்ளும்; அந்தக் குறைகள் ஒளியைத் தின்னும்.

படிகத்தின் பட்டை இடைவெளி (எலக்ட்ரான் கட்டுண்ட நிலைக்கும், அது தடையின்றி நகரும் கடத்துப் பட்டைக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாடு) அகலமாகவும், அணுப் பின்னல் விறைப்பாகவும் இருப்பது நல்லது. இடைவெளி குறுகினால், கிளர்ந்த எலக்ட்ரான் வெப்பத்தால் கடத்துப் பட்டைக்குத் தப்பிவிடும். பின்னல் தளர்வாக இருந்தால் ஆற்றல் அதிர்வுகளாகக் கசிந்துவிடும்.

3. அனுமதி, உலை, தூய்மை: தொடங்குமுன் முடிக்க வேண்டியவை

சிங்கப்பூரில் அபாயகரமான இரசாயனங்களை வாங்குவதும் வைத்திருப்பதும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. எனவே எந்த மூலப்பொருளுக்கு அனுமதி தேவை என்பதை உங்கள் ஆய்வகப் பாதுகாப்பு அதிகாரியிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். ஹைட்ரஜன் கலவை ஓடும் உலையை இரவில் ஆளில்லாமல் விடக் கூடாது என்னும் விதி பல ஆய்வகங்களில் உண்டு. 1500 பாகைக்கு ஏறி, நான்கு மணி நேரம் நின்று, இறங்கி முடிக்க ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகிறது. அதனால் ஒரு வாரத்தில் எத்தனை முறை சுடமுடியும் என்று கணக்கிட்டு, அதற்கேற்பத் திட்டத்தைச் சுருக்குங்கள்.

மூலப்பொருள்கள் 99.99 விழுக்காடு தூய்மையாவது இருக்க வேண்டும். இரும்பு போன்ற உலோகங்கள் மிகச் சிறிதளவு கலந்தாலும் ஒளிர்வை அணைக்கும். அதே காரணத்தால் எஃகுக் கரண்டியால் தூளைச் சுரண்டாதீர்கள். பிளாஸ்டிக் அல்லது பீங்கான் கரண்டி போதும்.

4. தெரிந்த பொருளை முதலில் செய்து கையையும் கருவியையும் சோதியுங்கள்

புதியதைத் தொடுவதற்கு முன் சாதாரண யாக்கை ஒருமுறை நீங்களே செய்யுங்கள். இதைச் செய்யாமல் தாண்டுபவர்களே அதிகம். புதிய தூள் மங்கலாக வந்தால், குற்றம் படிகத்திலா, உலையிலா, தராசிலா, நிறமாலைமானியிலா என்று பிரித்தறிய வேறு வழி இல்லை. கடையில் வாங்கிய யாக்கை உங்கள் யாக்கின் அருகில் வைத்து அளந்தால், உங்கள் கைத்திறனுக்கு ஓர் எண் கிடைத்துவிடும்.

கணக்கு இது. இட்ரியம் 2.94, சீரியம் 0.06, அலுமினியம் 5, ஆக்சிஜன் 12 என்ற வாய்பாட்டின் மோலார் நிறை 596.7 கிராம். 5 கிராம் தூளுக்கு 2.7815 கிராம் இட்ரியம் ஆக்சைடு, 2.1360 கிராம் அலுமினியம் ஆக்சைடு, 0.0865 கிராம் சீரியம் டைஆக்சைடு வேண்டும். மூன்றையும் கூட்டினால் 5.004 கிராம் வரும். மிஞ்சும் 4 மில்லிகிராம் பிழை அல்ல. சீரியம் எலக்ட்ரானை ஏற்று 4+ நிலையிலிருந்து 3+ நிலைக்கு ஒடுங்கும்போது வெளியேறும் ஆக்சிஜன் அது. உங்கள் கணக்கில் இந்த வேறுபாடு வரவில்லை என்றால் எங்கோ வாய்பாட்டைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள்.

இளக்கியாக மொத்த எடையில் 2 விழுக்காடு, அதாவது 0.10 கிராம் பேரியம் புளோரைடு சேர்க்கலாம். அது உருகித் துகள்களுக்கு இடையே திரவப் படலமாகப் பரவுவதால் அயனிகள் விரைவாக நகர்கின்றன. தாழ்ந்த வெப்பநிலையிலேயே நன்கு வளர்ந்த படிகங்கள் கிடைக்கின்றன.

5. எடை நிறுத்தலும் அரைத்தலும்: நம் ஊர் ஈரத்தை மறக்காதீர்கள்

சிங்கப்பூரின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். குளிர்சாதன அறையில் அது குறைந்தாலும், இட்ரியம், லாந்தனம் போன்ற அரிய மண் தனிமங்களின் ஆக்சைடுகள் நீராவியையும் கரியமில வாயுவையும் ஓசையின்றி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புட்டியிலிருந்து நேராக எடுத்த இட்ரியம் ஆக்சைடில் 2 விழுக்காடு இப்படி ஏறியிருந்தால், மேலே சொன்ன கணக்கில் உண்மையான ஆக்சைடு 0.056 கிராம் குறைந்துவிடும். நீங்கள் நான்கு தசமத்துக்கு நிறுத்த சீரியம் டைஆக்சைடின் முழு எடையே 0.0865 கிராம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். லாந்தனம் ஆக்சைடில் இந்தத் தொல்லை இன்னும் கடுமையானது.

ஆகவே அரிய மண் ஆக்சைடுகளை முந்தைய இரவு 900 முதல் 1000 பாகை வரை சுட்டு, உலர்கலத்தில் ஆறவைத்து, ஆறியதும் நிறுத்துவிடுங்கள். உலர்கலத்தின் சிலிக்கா மணிகள் நிறம் மாறியிருந்தால் அவற்றை முதலில் உலர்த்துங்கள். ஈரமேறிய மணிகளோடு இருக்கும் உலர்கலம் சாதாரண டப்பாவுக்குச் சமம்.

நிறுத்த தூள்களை அகேட் கல்வத்தில் இட்டு, நனையும் அளவுக்கு எத்தனால் ஊற்றி, அது ஆவியாகும்வரை அரைக்க வேண்டும். இதை இருமுறை செய்தால் ஏறக்குறைய 30 நிமிடம் ஆகும். திரவம் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: உலர்ந்த நிலையில் கனமான தூளும் லேசான தூளும் பிரிந்து நிற்கும்; 100 பங்கில் 2 பங்கே உள்ள சீரியம் ஓரிடத்தில் திரண்டுவிடும். கல்வத்தின் ஓரத்தில் ஒட்டியதை அடிக்கடி வழித்து நடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்த மருந்து அரைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதாக இருக்காது.

6. சுடுதல்

அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மூசை யாக்குக்கு ஏற்றது, ஏனெனில் அலுமினியம் ஏற்கெனவே படிகத்தின் உறுப்பு. ஸ்ட்ரான்சியம் சிலிக்கேட், லித்தியம் சேர்மங்கள் போன்றவை அலுமினாவை அரித்து அதிலிருந்து அலுமினியத்தை எடுத்துக்கொள்ளும். அத்தகைய கலவைகளுக்கு மூசையின் அடியிலும் ஓரங்களிலும் அதே கலவையைப் பலி அடுக்காகப் பரப்பி, நடுவிலுள்ள தூளை மட்டுமே மாதிரியாக எடுங்கள்.

சூடேற்றுமுன் 30 நிமிடமாவது நைட்ரஜனை ஓட்டிக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள். ஹைட்ரஜன் கலவையை அதன் பிறகே திறக்க வேண்டும். வெளியேறும் முனையில் குமிழிக் குடுவை வைத்து, குமிழி சீராக வருகிறதா என்று பாருங்கள். குமிழி நின்றால் எங்கோ கசிவு அல்லது அடைப்பு. உலை ஆறும்போது உள்ளேயுள்ள வளிமம் சுருங்கிக் குடுவையின் திரவத்தைச் சூடான குழாய்க்குள் இழுக்கக்கூடும். அதைத் தடுக்க இடையில் ஒரு வெற்றுக் குடுவை கட்டாயம் வேண்டும்.

நிமிடத்துக்கு 5 பாகை ஏற்றம், 1500 பாகையில் 4 மணி நேரம், பிறகு அதே வேகத்தில் இறக்கம் என்பது யாக்குக்கு நல்ல தொடக்கம். இன்னும் விரைவாக ஏற்றினால் அலுமினாக் குழாய் விரிசல் விடும். உலை 100 பாகைக்குக் கீழே வரும்வரை வளிம ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். அவசரப்பட்டுத் திறந்தால் ஒடுங்கிய அயனி மறுபடியும் ஆக்சிஜனேற்றம் அடையும், குறிப்பாக யூரோப்பியம்.

சுட்ட கட்டியை மெதுவாக உடைத்து, வெந்நீரிலோ நீர்த்த நைட்ரிக் அமிலத்திலோ கழுவி எஞ்சிய இளக்கியை நீக்கி, உலர்த்திச் சலியுங்கள். பந்து அரைவையில் நெடுநேரம் அரைத்தால் துகளின் மேற்பரப்பு சிதைந்து ஒளி குறையும். மென்மையான தூள் அழகாகத் தெரியும், ஆனால் மங்கலாக இருக்கும். துகள் அளவு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் வரை இருந்தால் விளக்கு வேலைக்குப் போதும்.

7. எக்ஸ்ஆர்டி: சுத்தமாகத் தெரிவது சுத்தம் என்று பொருளல்ல

எக்ஸ்ஆர்டி எனப்படும் எக்ஸ்கதிர் விளிம்புவிளைவு வரைபடத்தில் உங்கள் படிகத்தின் கோடுகள் மட்டுமே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். யாக்கில் சுடுதல் போதாதென்றால் இட்ரியமும் அலுமினியமும் வேறு விகிதத்தில் சேர்ந்த இடைநிலைப் பொருள்களின் கோடுகள் தெரியும். மறுபடி அரைத்துச் சுட்டால் பெரும்பாலும் மறையும். அலுமினாவின் கோடு மட்டும் மிஞ்சினால், உங்கள் இட்ரியம் ஆக்சைடு ஈரமாக இருந்திருக்கிறது என்று ஐயப்படுங்கள்.

ஆனால் எக்ஸ்ஆர்டி ஒன்றிரண்டு விழுக்காட்டுக்குக் குறைவான வேற்றுப்பொருளை எளிதில் காட்டாது. அந்த ஒரு விழுக்காடு மிகப் பிரகாசமாக ஒளிரும் பொருளாக இருந்தால், நீங்கள் அளக்கும் நிறம் முழுவதும் அதனுடையதாக இருக்கலாம்.

இதை நான் பட்டறிந்தே கற்றேன். என் முதல் ஆண்டில், யூரோப்பியம் சேர்த்த ஸ்ட்ரான்சியம் சிலிக்கேட் ஒன்றை மஞ்சள்-ஆரஞ்சு நிறத்துக்காகச் செய்துகொண்டிருந்தேன். எக்ஸ்ஆர்டி சுத்தமாக இருந்தது. நிறமாலையில் எதிர்பாராத பச்சைப் பட்டை ஒன்று 520 நானோமீட்டரை ஒட்டி வந்தது. படிகத்தில் யூரோப்பியத்துக்கு இரண்டாவது இடம் கிடைத்துவிட்டது என்று நம்பி, ஆறு வாரம் அதற்கு விளக்கம் எழுதினேன். ஒருநாள் மாலை அறை விளக்கை அணைத்துவிட்டுக் கதவை நோக்கித் திரும்பியபோது, மேசைமேல் இருந்த தூளில் இங்குமங்கும் பச்சைப் புள்ளிகள் சிறிது நேரம் மினுங்கி மறைந்தன. ஸ்ட்ரான்சியம் அலுமினேட் அப்படித்தான் பின்னொளிர்வு தரும். அலுமினா மூசையின் சுவரிலிருந்து வந்த அலுமினியம் அதை உருவாக்கியிருந்தது. அந்த ஆறு வாரக் குறிப்புகள் எதற்கும் பயன்படவில்லை. பலி அடுக்கு பற்றி மேலே வற்புறுத்தியதற்குக் காரணம் அதுதான்.

இப்படிச் சிக்காமலிருக்க இரண்டு சோதனைகள் போதும். உமிழ்வுப் பட்டையின் இரண்டு வேறு அலைநீளங்களில் நிலைநிறுத்திக் கிளர்வு நிறமாலையை எடுங்கள். ஒளி ஒரே மையத்திலிருந்து வந்தால் இரண்டு வரைகோடுகளின் வடிவமும் ஒன்றாக இருக்கும். பிறகு தூளை ஒளிர்வு நுண்ணோக்கியில் பரப்பிப் பாருங்கள். எல்லாத் துகள்களும் ஒரே நிறத்தில் ஒளிர வேண்டும். வேறு நிறத் துகள் ஒன்று தெரிந்தாலும் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

8. நிறமாலை அளவீடு

தூளைப் பிடிகலத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்துக்கு நிரப்பி, மேற்பரப்பைக் கண்ணாடித் தகட்டால் சமன் செய்யுங்கள். ஒரே அமர்வில் உங்கள் ஒப்பீட்டு யாக்கையும் அளக்க வேண்டும். நேற்று அளந்த ஒளியளவை இன்று அளந்ததோடு ஒப்பிடுவது செல்லாது, ஏனெனில் கருவியின் விளக்கும் பிளவின் அகலமும் மாறியிருக்கலாம்.

300 நானோமீட்டரில் கிளர்வித்தால், நிறமாலைமானியில் நிறங்களைப் பிரிக்கும் கீற்றணியின் இரண்டாம் படி ஒளி 600 நானோமீட்டரில் கூர்மையான ‘உமிழ்வாக’ வந்து நிற்கும். ஒரு மாணவர் இதையே புதிய சிவப்புக் கோடு என்று கொண்டாடியதைப் பார்த்திருக்கிறேன். வடிகட்டியை இட்டதும் அது மறைந்தது. யூரோப்பியம் 2+ பொருளில் 590, 615 நானோமீட்டர்களை ஒட்டிக் கூர்மையான கோடுகள் வடிகட்டிக்குப் பிறகும் நின்றால், அவை யூரோப்பியம் 3+ இன் கோடுகள். உலையில் ஒடுக்கம் முழுமையடையவில்லை என்று பொருள்.

ஒளிர்வு ஆயுளையும், அதாவது கிளர்வொளி நின்றபின் ஒளிர்வு தணிய ஆகும் நேரத்தையும், அளந்துவிடுங்கள். யாக்கிலுள்ள சீரியத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 70 நானோவினாடி, யூரோப்பியம் 2+ க்கு ஒரு மைக்ரோவினாடியை ஒட்டி, மாங்கனீசு 4+ க்குச் சில மில்லிவினாடிகள் எதிர்பார்க்கலாம். இதற்கு மிகக் குறைவான எண் வந்தால், அறை வெப்பநிலையிலேயே ஆற்றல் எங்கோ கசிகிறது.

9. செறிவைத் தொடுமுன் வெப்பத்தைச் சோதியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். விளக்கினுள்ளே தூள் சூடாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சில்லின் வெப்பம். மற்றொன்று, தூள் தானே உண்டாக்கும் வெப்பம்: 450 நானோமீட்டர் ஒளித்துகளை உட்கொண்டு 620 நானோமீட்டரில் உமிழும்போது, குவாண்டம் திறன் (உட்கொண்ட ஒளித்துகள்களில் திரும்பி வருபவற்றின் விகிதம்) 100 விழுக்காடாகவே இருந்தாலும், ஆற்றலில் 27 விழுக்காடு வெப்பமாக மாறியே தீரும். இதைத் தவிர்க்க வழியில்லை. தாங்கும் படிகத்தைத் தேர்வதே வழி.

சூடேற்றும் மேடையில் 25 பாகையிலிருந்து 200 பாகை வரை, 25 பாகைக்கு ஒருமுறை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் காத்து, 450 நானோமீட்டர் கிளர்வில் நிறமாலை எடுங்கள். அதே படிகளில் இறங்கியும் அளக்க வேண்டும். இறங்கும்போது கிடைத்த வரைகோடு ஏறும்போது கிடைத்ததோடு ஒட்டவில்லை என்றால், பொருள் நிரந்தரமாகச் சிதைந்திருக்கிறது அல்லது முதலில் ஈரம் ஏறியிருந்தது. உச்சத்தின் உயரத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். வெப்பத்தில் பட்டை அகன்று உயரம் இயல்பாகவே குறையும். பட்டையின் முழுப் பரப்பைக் கணக்கிடுங்கள்.

150 பாகையில் பரப்பு, அறை வெப்பநிலைப் பரப்பில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்தப் படிகத்தை விட்டுவிடலாம் என்பது நான் பின்பற்றும் வரம்பு. செறிவைக் குறைத்தோ இளக்கியை மாற்றியோ சில விழுக்காடு மீட்கலாம். 50ஐ 90 ஆக்க முடியாது. கார்னெட்டில் காலியத்தைக் கூட்டியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாற்றம் அடைவார்கள், ஏனெனில் காலியம் கடத்துப் பட்டையைத் தாழ்த்தி எலக்ட்ரான் தப்பும் வழியை எளிதாக்குகிறது.

முடிந்தால் ஒளிர்வு ஆயுளையும் வெப்பநிலையோடு அளவிடுங்கள். மேடை விரிந்து மாதிரி நகர்ந்தால் ஒளியின் அளவு மாறும், ஆயுள் மாறாது. இரண்டும் ஒரே வெப்பநிலையில் சரியத் தொடங்கினால் உங்கள் முடிவை நம்பலாம்.

10. குவாண்டம் திறன், பிறகு செறிவு

வெப்பத்தில் தேறிய பொருளை மட்டும் ஒளிதிரட்டும் கோளத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். உட்கொண்ட ஒளித்துகள்களில் எத்தனை திரும்பின என்பது அகத்திறன். விழுந்தவற்றில் எத்தனை திரும்பின என்பது புறத்திறன். அகத்திறன் 90 விழுக்காடு என்று பெருமையோடு காட்டப்படும் தூள், விழும் நீலத்தில் 25 விழுக்காட்டையே உட்கொண்டால், புறத்திறன் 22.5 விழுக்காடுதான். அத்தகைய தூளை விளக்கில் மிக அதிகமாக இட வேண்டியிருக்கும். ஒளி உள்ளேயே சிதறி வீணாகும். எனவே இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதுங்கள். அகத்திறன் 100க்கு மேல் வந்தால் கோளத்தின் உட்சுவரில் அழுக்கு அல்லது தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போதுதான் செறிவுத் தொடர். 0.5, 1, 2, 4, 6 விழுக்காடு என்று ஐந்து மாதிரிகளை ஒரே நாளில், ஒரே புட்டியின் மூலப்பொருளில், ஒரே சுடுதலில் செய்யுங்கள். செறிவு கூடும்போது உட்கொள்ளுதல் கூடும்; ஒரு கட்டத்துக்கு மேல் அயனியிலிருந்து அயனிக்கு ஆற்றல் தாவி, எங்காவது ஒரு குறையில் சிக்கி அணையும். உமிழ்வும் சற்றுச் சிவப்புப் பக்கம் நகரும். மிகப் பிரகாசமான இரண்டு மாதிரிகளுக்கு மட்டும் 9ஆம் படியை மறுபடி செய்யுங்கள், ஏனெனில் செறிவு கூடினால் வெப்பத்தாங்கு திறன் பெரும்பாலும் குறையும்.

11. சோதனை விளக்கு

இரு பகுதிச் சிலிகோன் பிசினில் தூளைக் கலந்து, வெற்றிடத்தில் குமிழிகளை நீக்கி, 450 நானோமீட்டர் சில்லின்மேல் சொட்டுவிட்டு, பிசின் தயாரிப்பாளர் சொன்ன வெப்பநிலையில் கெட்டிப்படுத்துங்கள். கலந்த பிறகு காலம் தாழ்த்தினால் துகள்கள் அடியில் படியும். ஒரே கலவையிலிருந்து செய்த முதல் விளக்கும் பத்தாவது விளக்கும் வேறு நிறத்தில் இருக்கும். லேடெக்ஸ் கையுறையை இங்கே பயன்படுத்தாதீர்கள்: அதிலுள்ள கந்தகம் பிசினின் பிளாட்டினம் வினையூக்கியை முடக்குவதால், மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

தூளின் விகிதத்தைச் சிறுசிறு படிகளாக மாற்றி நான்கைந்து விளக்குகள் செய்து, நிற வெப்பநிலை, சிஆர்ஐ, ஆர்9, வாட்டுக்கு லூமென் ஆகியவற்றை அளவிடுங்கள். விளக்கு சூடேறி நிலைபெற்ற பிறகே அளக்க வேண்டும். மூட்டிய உடனே எடுத்த எண் எப்போதும் அழகாக இருக்கும். மின்னோட்டத்தைக் கூட்டியும் பாருங்கள். மாங்கனீசு 4+ போன்ற நீண்ட ஆயுளுள்ள அயனி, நீல ஒளி வலுக்கும்போது திரும்ப அடங்க நேரமின்றி நிரம்பிவிடும். விளக்கின் நிறம் நீலப் பக்கம் சரியும்.

12. ஈரவெப்பச் சோதனை

முதலில் எளிய சோதனை: ஒரு கிராம் தூளை நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, உலர்த்தி, ஊறாத தூளின் அருகில் வைத்து அளவிடுங்கள். இதில் பாதிக்குமேல் இழந்தால் மேலே போக வேண்டாம். துகளுக்கு மேலுறை பூசும் வேலையைத் தனித் திட்டமாக எடுக்க வேண்டியிருக்கும்.

தேறினால், விளக்குகளை 85 பாகை வெப்பநிலையும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறைப்பெட்டியில் 1000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 42 நாள் வையுங்கள். தொடக்கத்திலும், 168, 500, 1000 மணி நேரங்களிலும் ஒளியின் அளவையும் நிற ஆயத்தொலைவுகளையும் எடுக்க வேண்டும். அதே பெட்டியில் மூன்று ஒப்பீட்டு விளக்குகளையும் வையுங்கள்: தூளே இல்லாமல் பிசின் மட்டும் இட்ட நீல விளக்கு, கடையில் வாங்கிய யாக் இட்ட விளக்கு, நீங்கள் 4ஆம் படியில் செய்த யாக் இட்ட விளக்கு. முதலாவது மங்கினால் பழுது சில்லிலோ பிசினிலோ இருக்கிறது. மூன்றாவது மட்டும் மங்கினால் உங்கள் கழுவுதலில் இளக்கி எஞ்சியிருக்கிறது. மூன்றும் நிலைத்து நின்று உங்கள் புதிய விளக்கு மட்டும் மங்கினால், தூளை எடுத்து மறுபடி எக்ஸ்ஆர்டிக்கு அனுப்பி, ஈரத்தோடு எந்தப் பொருள் உருவாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு 2ஆம் படிக்குத் திரும்புங்கள்.